ஒரு பக்கம் மட்டுமுள்ள சாரன்

கொழும்பில் ஓர் ஆடை நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலை செய்கிறேன் என்றால், ஊரில் பலர் நான் துணி விற்பதாக நினைக்கிறார்கள். நான் ஒரு முழத் துணியும் விற்றதில்லை. எந்தப் பருவத்துக்கு எந்த நிறம் கடை முகப்பில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதும், துணிக்குப் பெயர் வைப்பதும், விலைச் சீட்டுக்கு இரண்டு வரி எழுதுவதுமே என் தொழில்.

நான் மருதமுனையில் பிறந்தவன். வாப்பா நெசவாளி. தறிச் சத்தத்தில்தான் எங்கள் வீடு விழித்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்து குவிந்தபோது ஊரில் பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எஞ்சியவற்றிலும் பல அழிந்தன. வாப்பாவின் இரண்டு தறிகளும் அதில் அடக்கம். அதன்பின் அவர் நெய்யவில்லை.

வாங்குபவர் துணியோடு ஒரு கதையையும் வாங்குகிறார் என்பது எங்கள் தொழிலின் முதற் பாடம். 2006இல் இலங்கை ஆடை ஏற்றுமதியாளர்கள் 'குற்ற உணர்வில்லாத ஆடைகள்' என்ற சுலோகத்தோடு உலகச் சந்தைக்குப் போனதும் இதை அறிந்துதான்.

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கென்று எங்கள் நிறுவனம் புதிய சாரன்களை இறக்கியது. ஆலையில் நெய்த வெள்ளைத் துணியில் கோடும் கட்டமும் அச்சிட்டவை. சீட்டில் 'கிழக்கின் கைத்தறி அழகு' என்று எழுதினேன். கைத்தறியில் நெய்தது என்று எழுதவில்லை. அழகு என்றுதான் எழுதினேன். அந்த இடைவெளிக்குள் புகுந்து வெளியேறத்தான் எனக்குச் சம்பளம். பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சாரன்கள் முடிந்துவிட்டன.

ஒன்றை வாப்பாவுக்குக் கொண்டுபோனேன். விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு உட்புறத்தைத் திருப்பினார். நிறம் வெளிறிக் கிடந்தது. சாயமிட்ட நூலில் நெய்த சாரனுக்கு உள், வெளி கிடையாது. எந்தப் பக்கம் உடுத்தாலும் ஒன்றுதான்.

"ஊர்ல யாரு மகன் நெஞ்சது?"

"நெஞ்சதில்ல வாப்பா. அச்சடிச்சது."

சீட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"வடிவாத்தான் எழுதியிருக்க" என்றார். சற்று நேரம் கழித்து, "இதுக்கு ஒரு பக்கந்தான் இருக்கு மகன்" என்றார்.

பெருநாளன்று அதைத்தான் உடுத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தார். மகன் தந்ததென்ற பாசமா, எனக்களித்த தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொழும்பு திரும்பியதும் சீட்டை மாற்ற வேண்டும் என்றேன். "இதில் எங்கே பொய் இருக்கிறது?" என்று மேலாளர் கேட்டார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் கேள்வி அது. நீண்ட வாதத்தின் பின் 'கைத்தறி' போயிற்று. 'கிழக்கின் அழகு' மிஞ்சியது. அந்தச் சாரன்கள் மெதுவாகத்தான் விற்றன. ஊரிலிருந்தே உண்மையான கைத்தறிச் சாரன்களை எடுப்போம் என்றும் சொல்லிப் பார்த்தேன். விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது.

நான் வேலையை விடவில்லை. மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால், இப்போதெல்லாம் புதிய மாதிரித் துணி மேசைக்கு வந்ததும் முதலில் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். தையலைப் பரிசோதிக்கிறேன் என்று உடன் வேலை செய்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.