மார்கழி நாலரை மணி... நெல்லைத் தெருக்கள் யாருக்குச் சொந்தம்?

திருநெல்வேலியில் வெண்பனி கொட்டாது. மார்கழியில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத ஊர் இது. ஆனால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசான நெல் வயல்களிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் நிற்கும் நாள்களில், மேகமில்லாத, காற்று அசையாத இரவு ஒன்று வாய்த்தால் போதும். தரை சீக்கிரமே குளிர்ந்து, தாமிரபரணிக் கரையெல்லாம் ஈரம் வெள்ளையாகப் படிந்துவிடும். நம் ஊரில் பனி என்றால் அதுதான்.

சென்னையிலிருந்து வரும் சில ரயில்கள் விடிவதற்கு முன்பே ஜங்ஷனில் இறக்கிவிட்டுவிடும். டவுன் பஸ் ஓடத் தொடங்கியிருக்காது. "எங்கம்மா போணும்?" என்று ஆட்டோ அண்ணன்கள் கேட்பார்கள். பாளையங்கோட்டைக்கு என்றால், ஒரு மணி நேரத்தில் நடந்தே போய்விடலாம். கடந்த மார்கழியில் நான் அப்படித்தான் நடந்தேன், தனியாக.

வழியில் ஆற்றைக் கடக்க சுலோசன முதலியார் பாலம். ஒருகாலத்தில் நெல்லையிலிருந்து பாளைக்குப் போக படகை நம்பித்தான் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம், 1843-ல் திறக்கப்பட்டது. 11 வளைவுகள் கொண்டது. பனி இறங்கிய இரவில் நடுப்பாலத்தில் நின்றால் ஆறு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

அழகுதான். ஆனால், பயமும் அங்கேதான். பின்னால் வரும் பைக் ஒன்று வேகத்தைக் குறைத்தால் போதும், போனைக் காதில் வைத்து அப்பாவிடம் பேசுவதுபோல நடிக்கத் தோன்றும். இது தெரியாத பெண் யாராவது இருக்கிறார்களா?

வண்ணார்பேட்டை தாண்டி முருகன்குறிச்சி வந்தால், 1826-ல் கட்டப்பட்ட தூய திரித்துவப் பேராலயம். ஊராருக்கு அது 'ஊசிக்கோபுரம்'. அன்று ஊசி முனை பனிக்குள் மறைந்திருந்தது. வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் மங்கலாக எரிந்தன. எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை.

பாளைக்குள் நுழைந்ததும் தெருவே மாறிவிட்டது. மணி நாலரைதான். ஆனால், வாசலுக்கு வாசல் பெண்கள்! ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார், ஒருவர் புள்ளி வைக்கிறார். ஒரு சிறுமி தூக்கக் கலக்கத்தோடு சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ செருகுகிறாள். நைட்டிக்கு மேல் துண்டு போர்த்திய ஒரு ஆச்சி என்னைப் பார்த்து, "யம்மா, தலையில துண்டைப் போட்டுக்கோ. பனி எறங்குதுல்லா!" என்றார். அடுத்த தெரு வரை அவர் பார்வை என்னோடு வந்தது.

அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் போனில் இருந்தது. ஆனால், அந்த நேரத்தில் தைரியம் தந்தது கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற அந்த ஆச்சிதான்.

இதே தெருவில் சித்திரை மாதத்து இரவு பத்தரை மணிக்கும் நடந்திருக்கிறேன். தெருவிளக்குகள் அவையேதான், வீடுகளும் அவையேதான். வாசலில் பெண்கள் இல்லை, அவ்வளவுதான். அந்த நடையில் ஒரு கோலத்தையும் நின்று பார்க்கவில்லை, வேகவேகமாக வீடு வந்து சேர்ந்தேன்.

தை பிறந்தால் பெரிய கோலங்கள் சின்னதாகும், வாசல் தெளிப்பதும் விடிந்த பிறகுதான். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் இருட்டிலும் பெண்களிடம் இருக்கும் தெரு, மீதி 11 மாதமும் ஏன் கைவிட்டுப் போகிறது? அடுத்த மார்கழியில் நெல்லைக்கு வந்தால், அந்த நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.