மிளகின் பூர்வீகம்

எங்கள் வீட்டு மிளகுக்கு லாப்ரடாரின் பசி, பூடுலின் முடி. கறுப்பு நிறம், இருபத்தாறு கிலோ எடை, அலை அலையாய் இறங்கும் ரோமம், மூக்கின் இருபுறமும் மீசை. தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்காது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு செருப்பையோ துண்டையோ கவ்விக்கொண்டுதான் வாசலுக்கு ஓடும். லாப்ரடாருக்கும் ஸ்டாண்டர்டு பூடுலுக்கும் பிறந்த இந்தக் கலப்பை லாப்ரடூடுல் என்கிறார்கள்.

என் மகளுக்கு நாய் என்றால் உயிர். ஆனால் நாய் அருகில் வந்தால் கண் சிவந்துவிடும், தும்மல் தொடரும். மெல்பர்னில் நண்பர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “லாப்ரடூடுல் வாங்குங்க. முடி கொட்டாது, அலர்ஜி வராது. கலப்புங்கிறதால நோயும் அண்டாது.” ஒவ்வாமை மருத்துவர் மட்டும் வேறுவிதமாகச் சொன்னார். இனத்தை நம்ப வேண்டாம், வாங்கப்போகும் குட்டியோடே மகளை உட்காரவைத்துப் பாருங்கள் என்றார்.

அப்படியே செய்தோம். முதலில் மடியில் ஏறிய பழுப்புக் குட்டியோடு கொஞ்ச நேரம் விளையாடியதுமே மகள் கண்ணைக் கசக்கத் தொடங்கினாள். அதே ஈற்றில் பிறந்த கறுப்புக் குட்டியோடு வெகுநேரம் புரண்டும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறொரு நாள் போய்ப் பார்த்தபோதும் அப்படியே. கறுப்புக் குட்டி மிளகாகி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு வயிற்றில் பிறந்தவற்றுக்குள் ஏன் இந்த வேறுபாடு? ‘அலர்ஜி வராத நாய்’ என்ற பேச்சு எங்கே தொடங்கியது? இந்த இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை.

தேடிப் போனால், தடம் நாங்கள் வாழும் மெல்பர்னுக்கே வந்து நின்றது. 1980களில் ஆஸ்திரேலியாவின் ராயல் வழிகாட்டி நாய்கள் சங்கத்தில், நாய்களின் இனப்பெருக்கத்தைக் கவனித்துவந்தவர் வாலி கான்ரன். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவர் தமக்கு வழிகாட்டி நாய் வேண்டுமென்று சங்கத்துக்கு எழுதினார். அவருடைய கணவருக்கு நாய் ஒவ்வாமை. முடி அதிகம் உதிர்க்காத பூடுலைப் பழக்கிக் கொடுத்துவிடலாம் என்று கான்ரன் முதலில் நினைத்தார். 33 பூடுல்களைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றுகூட வழிகாட்டும் வேலைக்குத் தேறவில்லை. பிறகுதான் பிராண்டி என்ற லாப்ரடார் பெட்டையை ஹார்லி என்ற பூடுலோடு சேர்த்தார். 1989இல் உலகம் அறிந்த அந்த ஈற்றில் மூன்று குட்டிகள்.

பத்திரிகையொன்றில் கான்ரன் தம் கதையைத் தாமே சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவரும்போது ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று குட்டிகளின் ரோமத்தையும் உமிழ்நீரையும் அவர் ஹவாய்க்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி, சுல்தான். மற்ற இரண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் மகளுக்கு நேர்ந்தது முதல் ஈற்றிலேயே நேர்ந்திருக்கிறது! ஆக, லாப்ரடூடுலால் அலர்ஜி வராது என்று அந்த முதல் சோதனை காட்டவில்லை. மூன்றில் ஒன்று, ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு ஒத்துக்கொண்டது என்பதைத்தான் காட்டியது.

சுல்தான் ஹவாய்க்குப் போய் நல்ல வழிகாட்டியாய் விளங்கியது. ஆனால் அதற்கு முன், குட்டிகளாக இருந்தபோது மூன்றையும் வளர்த்துப் பழக்க ஆள் கிடைக்கவில்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் தூய இன நாயையே கேட்டார்கள். புதிய இனம் ஒன்று பிறந்திருக்கிறது என்று லாப்ரடூடுல் பெயரால் செய்தி பரப்பச் சொன்னார் கான்ரன். தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது. இருபது ஆண்டுகளில் அந்தப் புகழ் வெள்ளை மாளிகை வரை போயிற்று. 2009 தொடக்கத்தில், ஒவ்வாமையுள்ள மகளுக்காக நாய் தேடிய ஒபாமா, லாப்ரடூடுலையும் போர்ச்சுகீசிய வாட்டர் டாகையும் பரிசீலிப்பதாகச் சொன்னார். கடைசியில் வந்தது இரண்டாவதுதான்.

கலப்பு கான்ரனோடு பிறந்ததும் இல்லை. நீரில் வேகச் சாதனைகள் படைத்த ஆங்கிலேயர் டொனால்ட் கேம்பல் 1955இல் வெளியிட்ட நூலில், லாப்ரடாருக்கும் பூடுலுக்கும் பிறந்த தம் நாயைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு இனங்களைச் சேர்ப்பது யாரும் செய்யக்கூடியதே. ஒரு குடும்பத்தின் தேவையை முன்வைத்துச் சேர்த்ததும், பிறந்த குட்டிகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்ததும்தான் கான்ரன் புதிதாகச் செய்தவை.

மிளகின் குணத்தைப் புரிந்துகொள்ள அதற்கும் பின்னே போக வேண்டியிருந்தது. லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய்கள். குளிர்ந்த கடலில் குதித்து வலைக்கயிற்றையும் தப்பிய மீனையும் கவ்வி வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவற்றை வேட்டைக்கு வளர்த்தார்கள். 1903இல் லண்டன் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. இன்று அழகுநிலையத்து நாயாக அறியப்படும் பூடுலும் வாத்து வேட்டையில் நீரில் இறங்கிய நாய்தான். அதன் விசித்திர முடிவெட்டு, நீந்த எளிதாக இருக்கவும் மூட்டும் மார்பும் குளிராமல் இருக்கவும் வந்தது என்பார்கள். இரு பக்கமும் நீரில் உழைத்த பரம்பரை. செருப்பைக் கவ்வுவதும் குட்டையில் இறங்குவதும் மிளகின் குறும்பு இல்லை, பூர்வீகச் சொத்து. ‘சாது நாய்’ என்று நம்பி வாங்கிப் பகலெல்லாம் தனியே அடைத்துவைத்தால் இந்த நாய் கதவைச் சுரண்டும், சோபாவைக் கிழிக்கும். காலையும் மாலையும் நல்ல நடை, இடையில் மூளைக்கு ஒரு வேலை, ஒளித்துவைத்த பொருளைத் தேடி எடுக்கும் விளையாட்டு, இவை கிடைத்தால் இதைவிட இணக்கமான நாய் இல்லை.

பசிக்கும் பூர்வீகம் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது: ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. நாய் எப்போதும் உணவையே நினைத்திருக்கும். உதவி நாய்களாகத் தேர்ந்த லாப்ரடார்களில் இந்தக் குறை நான்கில் மூன்று பங்கில் இருந்தது. தின்பண்டம் கொடுத்துப் பழக்கும்போது, தின்பண்டத்துக்காக எதையும் செய்யும் நாய்தானே சீக்கிரம் தேறும்! வழிகாட்டி நாய்க் கூடத்தில் தொடங்கிய கலப்பில் இந்தப் பசியும் சேர்ந்தே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் மிளகின் கண்ணைப் பார்த்து யாரும் தட்டை நிரப்புவதில்லை, அளந்துதான் வைக்கிறோம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது கால்நடை மருத்துவர் சொன்ன அளவுகோல். வெங்காயமும் பூண்டும் போட்ட சாம்பார் சோறும், உலர்திராட்சை போட்ட பாயசமும் நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மீசைக்கு வருவோம். நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் தெரியவந்தது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசைக்கும் புருவத்துக்கும். மீசை மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், மீசை முளைத்துவிடும். முடி உதிர்வதும் குறையும். இரண்டு லாப்ரடூடுல்களைச் சேர்த்தால் சில குட்டிகளுக்கு அது கிடைக்காமலே போகலாம். அவை லாப்ரடாரைப் போலவே வீடெங்கும் முடி கொட்டும்.

ஆனால் முடி வேறு, ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையைத் தூண்டுவது நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். அவற்றில் முக்கியமானது ‘கேன் எஃப் 1’. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் அளந்து பார்த்தபோது, ஒவ்வாமை தராதவை எனப்பட்ட இனங்களின் ரோமத்தில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. லாப்ரடூடுல் வாழும் வீட்டுத் தரைத்தூசியில் மட்டும் சற்றுக் குறைவு. காற்றில் வேறுபாடே இல்லை. என் மகள் மிளகோடு நலமாக இருப்பதற்கு மிளகும் அவளும் ஒத்துப்போனதுதான் காரணம். இருந்தாலும் அவள் படுக்கையறைக்குள் மிளகுக்கு அனுமதி இல்லை.

கடைசியாக, நோய் அண்டாது என்ற பேச்சு. லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2024இல் லாப்ரடூடுல், காக்கபூ, கேவபூ ஆகிய மூன்று கலப்புகளையும் அவற்றின் பெற்றோர் இனங்களையும் 57 நோய்களில் ஒப்பிட்டது. சுமார் 87 விழுக்காடு ஒப்பீடுகளில் எந்த வேறுபாடும் இல்லை. காரணத்தை எங்கள் கால்நடை மருத்துவர் விளக்கினார். இரு இனங்களுக்கும் வெவ்வேறு குறைகள் இருந்தால் கலப்பு காக்கும். ஒரே குறை இருபுறமும் இருந்தால் காக்காது. விழித்திரையை மெல்ல மெல்ல அழித்துப் பார்வையைப் பறிக்கும் ஒரு நோய்க்கான ஒரே மரபணுப் பிழை லாப்ரடாரிடமும் உண்டு, பூடுலிடமும் உண்டு. இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் குட்டி ஒருநாள் பார்வை இழக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இரு இனத்துக்கும் பொதுவானது.

மிளகின் உமிழ்நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். விழித்திரைப் பிழை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருக்கிறது. மிளகுக்கு அந்த நோய் வராது. ஆனால் இதே பிழையைச் சுமக்கும் இன்னொரு நாயோடு சேர்ந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு வரலாம். கருத்தடை செய்துவிட்டோம்.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய வேலை முடிதான். உதிராத முடி உதிர வேண்டியதையும் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். மேலாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும். அடியில் சிக்கு விழுந்து, தோலை இழுத்துப் புண்ணாக்கும். ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் வரை உலோகச் சீப்பு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் பருவத்தில், ஒரு வயதை ஒட்டி, சிக்கு மிகவும் மோசமாக விழும். தொங்கும் காதுக்குள் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும். நீந்திய பிறகு காதைத் துடைத்து உலர்த்துகிறோம். கோடையில் இங்கே காய்ந்த புல்லின் கூர்விதைகள் விரலிடுக்கிலும் காதிலும் ஏறித் தோலைத் துளைக்கும். பூங்காவிலிருந்து திரும்பியதும் பாதங்களை விரித்துப் பார்ப்பது என் மகளின் பொறுப்பு.

2019இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சியொன்றில் பேசிய கான்ரன், லாப்ரடூடுலை உருவாக்கியதே தம் வாழ்நாள் வருத்தம் என்றார். பணத்துக்காகக் கண்டபடி இனங்களைக் கலந்து, நோயுள்ள குட்டிகளை விற்பவர்களுக்குத் தாம் வழிதிறந்துவிட்டதாக அவர் வேதனைப்பட்டார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் செய்த காரியத்தில் குற்றம் காண என்னால் முடியவில்லை. ஒரு பெண்மணிக்காக 33 நாய்களைச் சோதித்தார். குட்டி பிறந்த பிறகும் நம்பிவிடாமல், ரோமத்தையும் உமிழ்நீரையும் கடல் தாண்டி அனுப்பிக் கேட்டார். உலகம் அவரிடமிருந்து கலப்பை எடுத்துக்கொண்டது. அந்த நிதானத்தை விட்டுவிட்டது.

கலப்பின நாயை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த நிதானத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். தாய் நாயை நேரில் பாருங்கள், அதன் குணம் குட்டியில் தெரியும். தாய் தகப்பன் இரண்டுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயையும் மரபணுச் சோதனை முடிவையும் கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவரை அந்தக் குட்டியோடே உட்காரவையுங்கள். இதில் எதற்காவது விற்பவர் தயங்கினால் வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வரப்போகும் உயிர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு நம்மை நம்பி வாழும். அதற்காகச் சில வாரம் காத்திருப்பது நியாயமே.