அக்காவின் குளிசைகள்

மெலிந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்றே எங்கள் வீட்டார் அனைவரும் நம்பினோம். 118 கிலோ நிறையும் நீரிழிவுமாக அல்லற்பட்ட என் அக்கா, 2019இல், காணியை ஈடுவைத்த பணத்தில், கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றிலே இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். ஒன்றரை ஆண்டில் நாற்பது கிலோ குறைந்தது. யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் கண்டவர்கள், "குமர்ப்பிள்ளை மாதிரி வந்திட்டாய்" என்று வியந்தார்கள்.

2022இன் நடுப்பகுதியில் ஒருநாள் சொன்னாள்: "தம்பி, கால் ரெண்டும் விறைச்சுப்போய்க் கிடக்குது. படியேற மூச்சு வாங்குது."

"வயிறு நிறையத்தானே சாப்பிடுறியள் அக்கா?" என்றேன். படித்தவனின் பேதைமை!

குருதிச் சோதனை உண்மையை உரைத்தது. இரும்பும் பி12 விற்றமினும் வெகுவாகக் குறைந்திருந்தன. இரும்பும் கல்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். இச்சிகிச்சைக்குப் பின் உணவு அவ்வழியே செல்வதில்லை. பி12ஐ உடல் ஏற்பதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். இரைப்பையின் பெரும்பகுதியைத் தொடாமலே கடக்கும் உணவுக்கு அத்துணை போதியளவு வாய்ப்பதில்லை. ஈரலில் இருந்த கையிருப்புச் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்ததனால் பஞ்சம் ஓசையின்றி வந்தது.

இவையெல்லாம் அவள் வீடு திரும்பிய நாளிலேயே ஒரு தாளில் கொடுக்கப்பட்டிருந்தன, ஆங்கிலத்தில். ஆயுள் முழுவதும் குளிசை. ஆண்டுதோறும் குருதிச் சோதனை. இரும்புக்கும் கல்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம். அக்கா அதனை மடித்துச் சாமிப்படத்தின் பின்னே செருகினாள். நோயாளியின் மொழியில் எழுதாத வைத்தியசாலைமீது எனக்குக் கோபமுண்டு. ஆனால் அடுத்த அறையில் நான் இருந்தேனே! சங்கப் பாடலுக்கு உரை கண்டு பட்டம் பெற்றவன், அந்த ஒற்றைத் தாளுக்கு உரை காண எண்ணவில்லை.

முதலாண்டு முடிந்ததும், பிள்ளைகளின் ரியூசன் காசுக்காக, விலைகூடிய குளிசைகளை அவள் நிறுத்திவிட்டாள். எஞ்சிய இரும்புக் குளிசையைக் காலைத் தேநீருடன் விழுங்கினாள். தேநீர் இரும்பை உடலிற் சேரவிடாது என்பதைத் தேயிலை விளையும் இந்நாட்டில் யார் அவளுக்குச் சொன்னார்? சத்திரசிகிச்சைக்கான இலட்சங்களைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள், அதன்பின் சாகும்வரை நாள்தோறும் வேண்டிய சில்லறைக்குக் கணக்குக் காட்டவில்லை. அந்நியச் செலாவணி வற்றிய அவ்வாண்டில் மருந்துக்கடைகளும் வற்றின. ஓர் ஊசிமருந்துக்காக நான் ஏறி இறங்கிய படிகள் பல.

இப்போது மாதம் ஓர் ஊசி. அத்தாளைத் தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காலையில் இரும்பு, மதியமும் இரவும் கல்சியம், தேநீர் பின்னேரம் மட்டும். மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. நரம்புகள்தான் இன்னும் முற்றாக மீளவில்லை. நடக்கையில் இடக்காற் செருப்புக் கழன்றால், பின்னால் வரும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.