குமிழி போட்ட பாலிஷ்

அடுப்பில் வெந்நீர் வைத்தால், கொதிப்பதற்கு முன்னால் 'ஸ்ஸ்' என்று பாடுமே, கவனித்திருக்கிறீர்களா? பாத்திரத்தின் அடியில் பிறக்கும் ஆவிக் குமிழிகள், மேலே உள்ள சூடேறாத தண்ணீரில் பட்டு நசுங்குகிற சத்தம் அது. குமிழிக்குப் பலமே அது உடையும்போதுதான். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு நகைக்கடை.

என் மாமியார் தம் பேத்திக்கென்று வைத்துவிட்டுப் போனவை ஒரு ஜோடி வைரத்தோடும் ஒரு முத்துப் பதக்கமும். கல்யாணம் நெருங்கிவிட்டது. தோட்டில் முப்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு! பூந்திக்கொட்டைக்கும் அசையவில்லை. மங்கிப்போன தோட்டைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைக்காரர் லென்ஸ் வைத்துக் கல் ஆடுகிறதா என்று பார்த்தார். பிறகு சோப்புத் தண்ணீர் நிறைந்த சின்ன எவர்சில்வர் தொட்டியில் தோட்டைப் போட்டு விசையைத் தட்டினார். கல்லின் பின்புறமிருந்து புகை மாதிரி அழுக்குக் கிளம்பியது!

நம் காது 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அந்தத் தொட்டியிலோ விநாடிக்கு 40,000. ஒவ்வோர் அதிர்வும் தண்ணீரை ஒரு முறை இழுக்கிறது. ஒரு முறை அமுக்குகிறது. இழுக்கும்போது பொடிக் குமிழிகள் பிறந்து வீங்குகின்றன, அமுக்கும்போது நொறுங்குகின்றன. அந்தக் கணத்தில் குமிழிக்குள் சூடு சுமார் 5,000 டிகிரி! ஆனாலும் தண்ணீர் கொதிப்பதில்லை. குமிழி அத்தனை சிறிசு, கணம் அத்தனை குறைச்சல். கெட்டியான பொருளுக்குப் பக்கத்தில் உடையும் குமிழி, ஊசி போல ஒரு நீர்த்தாரையை அதன்மேல் பாய்ச்சுகிறது. பிரஷ் நுழையாத சந்தெல்லாம் சுத்தம்!

இதே குமிழிகள் கப்பலின் சுழல்விசிறியையே அரித்துக் குழி போடும். 1917-ல் ராலே பிரபு, உடையும் குமிழியின் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அடுத்துப் பதக்கத்தை நீட்டினேன். கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"முத்தை இதிலே போடக் கூடாதும்மா. மெத்தென்ற பொருள், மேல்பூச்சுப் போயிடும். மரகதமும் ஆகாது, அதன் கீறலை எண்ணெயாலே அடைச்சிருப்பாங்க, அது வெளியே வந்துடும்" என்றார்.

நகையைத் தொட்டியில் போடக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். முத்துக்கு ஈரத் துணியே போதும்.

முகூர்த்தத்தன்று தோடு ஜொலித்தது. பதக்கம் சற்று மங்கல்தான். நாத்தனார் அதைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணி, அம்மா கழுத்திலே இருந்த அதே நிறம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.