இன்னொருவரோடு பேசினால் இரண்டு மதிப்பெண்

இந்த மாதக் கடைசியில் தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசி நடக்கும் ஃபெடிவர்ஸ் என்ற சமூக வலையில் எங்கள் சர்வரின் பொறுப்பை மூன்று இளைஞர்களிடம் கொடுத்துவிட்டு விலகுகிறேன். ரூட் கடவுச்சொல், டொமைன் பதிவு, பேக்கப், தடைப்பட்டியல் எல்லாம் கைமாறிவிட்டன. கைமாறாமல் நிற்பது ஒரு பழக்கம்: நாம் எழுதிய கோடை, அதாவது நிரலை, பிறர் எழுதிய கோடோடு உட்காரவைத்துப் பேசிப் பார்க்கும் பழக்கம். புதுமை என்று இந்த உலகத்தில் எதையாவது சொல்ல முடியுமானால் அது இந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. அதை யாரும் புதுமை என்று எண்ணுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

சமீபத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஹேக்கத்தானுக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் அறிமுகம் செய்தவர் என்னை "மெயின்டெனன்ஸ் சைடு" என்றார். பக்கத்து நாற்காலிக்காரரை "இன்னவேஷன் சைடு" என்றார். முதல் பரிசு வாங்கிய குழு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சமூக வலை செய்திருந்தது. இரண்டு கணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதைத் திரையில் காட்டினார்கள். இரண்டும் ஒரே லேப்டாப், ஒரே கோடு. "வேறு யாருடைய சர்வரோடாவது பேசிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அது நெக்ஸ்ட் ஃபேஸ் சார்" என்றார்கள். அரங்கம் கைதட்டியது.

இணையத்தின் அடித்தளமான டிசிபி நெறிமுறையின் ஆரம்ப காலத்தில் அதை எழுதியவர்கள் கூடிச் சோதனை நடத்துவார்கள். அதற்கான மதிப்பெண் முறையை ஜான் போஸ்டல் 1987-இல் இணைய ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் 1025-ஆம் எண்ணாக வெளியிட்டார். உன் நிரல் தன்னோடு தானே இணைப்பை ஏற்படுத்திக்கொண்டால் ஒரு மதிப்பெண். இன்னொருவர் எழுதிய நிரலோடு ஏற்படுத்தினால் இரண்டு. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரோடு பேசினால் மதிப்பெண் இன்னும் ஏறும். வேண்டுமென்றே கோணலாகச் செய்த பாக்கெட்டை அனுப்பி, அதை ஒழுங்காகக் கையாண்டவருக்கும் மதிப்பெண் போட்டார்கள். அந்தப் பட்டியலில் அழகான திரைக்கோ, சொற்பொழிவுக்கோ இடம் கிடையாது. இணையம் அப்படி மார்க் வாங்கி வளர்ந்தது. அதன்படி பார்த்தால் ஹேக்கத்தானின் முதல் பரிசுக் குழு தன்னோடு தானே பேசியதற்கான மார்க்கோடு நிற்கிறது.

ஒரு கம்பெனிக்குள் புதிதாக ஒன்றைக் கொண்டுவர மேலதிகாரி ஒருவர் சம்மதித்தால் போதும். எங்கள் உலகில் மேலதிகாரி இல்லை. 2008-இல் இவான் ப்ரோட்ரோமோ ஐடென்டிகா என்ற குறும்பதிவுத் தளத்தைத் தொடங்கியபோதும் இல்லை. 2016-இல் யூஜென் ரோச்கோ மாஸ்டடான் மென்பொருளை வெளியிட்டபோதும் இல்லை. 2018 ஜனவரியில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி, சர்வர்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையைப் பரிந்துரையாக ஏற்றபோதும் இல்லை. நான் ஒரு புது வசதியை என் சர்வரில் போட்டால் அது என் வீட்டுக் கொல்லையோடு நின்றுவிடும். எனக்குத் துளியும் கடமைப்படாத ஒருவர், வேறு மொழியில் வேறு காரணத்துக்காக எழுதிய மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளும் நாளில்தான் அது பிறக்கிறது. ஆகவே எங்கள் வேலையில் பெரும்பங்கு கேட்பது. அவருடைய கோடைப் படிப்பது, லாக் அனுப்புவது, பதில் வரும்வரை காத்திருப்பது.

கையெழுத்து விஷயத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். நான் அதோடு மல்லுக்கட்டிய அளவுக்கு வேறு எதனோடும் கட்டியதில்லை.

ஆக்டிவிட்டிபப், ஒரு செய்தி இன்னார் சர்வரிலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதி செய்வது என்பதை முடிவு செய்யாமலே விட்டது. வெறுங்கையோடு ஓட முடியாது. அப்போது கையில் கிடைத்தது ஹெச்டிடிபி கையெழுத்து பற்றிய ஒரு வரைவு. மாஸ்டடான் அதை எடுத்துக்கொண்டது, எல்லாரும் பின்தொடர்ந்தோம். அந்த வரைவு வரைவாகவே காலாவதி ஆனது. ஃபெடிவர்ஸ் அதன் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒரு வடிவமாக அது முறையான தரமாகி ஆர்எஃப்சி 9421 என்று வெளிவந்தது 2024 பிப்ரவரியில்.

இதற்கிடையில் ஒரு கோளாறு. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியையும் சேர்த்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறது வரைவு. மாஸ்டடான் நெடுங்காலம் அதைச் சேர்க்காமல் சரிபார்த்தது. சரியாகச் செய்தவரின் கையெழுத்து அங்கே செல்லுபடியாகவில்லை. மற்றவர்கள் தங்கள் சரியான கோடை வளைத்தார்கள். கோடுசோஷியல் போன்ற மென்பொருள்கள் கேள்விப் பகுதியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை என இரண்டு வகையிலும் முயன்று பார்க்கக் கற்றுக்கொண்டன. ராஜா இல்லாத ஊரில் யானையின் கால்தடமே சாலையாகிவிடுகிறது. கடைசியில் மாஸ்டடானும் திருத்திக்கொண்டது. ஆனால் திருத்தாத பழைய பதிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை வளைத்த கோடை யாரும் நிமிர்த்த முடியாது.

அனுப்புவதில் கறாராக இரு, வாங்குவதில் தாராளமாக இரு என்ற கொள்கையும் போஸ்டலுடையதுதான், 1980-இல் எழுதியது. எங்கள் தலைமுறை அட்மின்கள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. பிறர் பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் பிழை சட்டமாகிவிடும். அடுத்து வருபவன் சட்டத்தைப் படித்தால் தோற்பான், பிழையைப் படித்தால்தான் பிழைப்பான். 2023-இல் வெளியான ஆர்எஃப்சி 9413 இதையே விரிவாக எடுத்துச் சொல்கிறது. அது வந்த அன்று எனக்கு இருந்த நிம்மதியைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

தமிழ்க்காரர்களுக்கு இந்தக் கையெழுத்துத் தொல்லையில் கூடுதல் பங்கு உண்டு. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8-இல் பதினைந்து பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதினால் நாற்பத்தைந்து எழுத்து. அந்த நாற்பத்தைந்தில் வரும் ஆங்கில எழுத்துகள் சிறியவையா, பெரியவையா? இரண்டும் ஒன்றே, பெரிய எழுத்து மேல் என்கிறது 2005-இன் ஆர்எஃப்சி 3986. கையெழுத்துக்கு அந்தச் சலுகை தெரியாது. அது பைட் பைட்டாகப் பார்க்கும். ஒரு பக்கம் சிறிய எழுத்தில் கையெழுத்திட்டு, நடுவில் இருக்கும் ப்ராக்ஸி அதைப் பெரிய எழுத்தாக்கி அனுப்பினால் எதிர்ப்பக்கம் நிராகரிக்கும். ஆங்கில முகவரிகளில் சதவீதக் குறியே அரிது என்பதால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. தமிழ்த் தலைப்பை முகவரியாகக் கொண்ட பக்கங்கள் மட்டும் எங்கள் சர்வருக்கு வராமல் நின்றன. "உங்கள் சர்வர் கான்ஃபிகரேஷனைப் பாருங்கள்" என்றுதான் எதிர்ப்பக்கம் எனக்கு முதலில் எழுதியது. இரு பக்க லாகையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்து அனுப்பிய பிறகு திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் என் பெயர் எங்கும் இல்லை. தமிழ்ப் பக்கங்கள் வந்து சேர்கின்றன, யாருக்கும் காரணம் தெரியாது.

யாரோ முன்யோசனையோடு செய்துவிட்டுப் போன வேலைக்கும் இப்படித்தான் பெயர் கிடைப்பதில்லை. மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு 500 எழுத்து. 'சொ' என்பதை அது ஒரே எழுத்தாக எண்ணுகிறது. ட்விட்டர் அதையே இரண்டாக எண்ணியது. தமிழில் நினைத்து எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய இடம்!

புதுமைக்கு நிதானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மேற்கோள் பதிவின் கதையைச் சொல்வேன். பிறர் பதிவை எடுத்துத் தன் கருத்தோடு போடும் வசதி அது. ஏளனம் செய்யவே அது பயன்படும் என்று ரோச்கோ வெகுநாள் மறுத்தார். மிஸ்கி முதலிய மென்பொருள்கள் காத்திருக்காமல் போட்டன. ஒருவர் அந்தத் தகவலுக்கு ஒரு பெயர் வைத்தார், இன்னொருவர் வேறு பெயர், மூன்றாமவர் இன்னொரு பெயர். ஒரே செய்தியில் மூன்று பெயரையும் அடுக்கி அனுப்பும் நிலை வந்தது. மாஸ்டடான் 2025-இல் அதைக் கொண்டுவந்தபோது, மேற்கோள் காட்டப்படுபவரின் சம்மதத்தையும் நெறிமுறைக்குள் சேர்த்து, அதை ஒரு முன்மொழிவாக எல்லார் முன்னாலும் வைத்துவிட்டே செய்தது. இத்தனை ஆண்டு தாமதத்தை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். சம்மதம் என்ற யோசனை தானாக வந்துவிடவில்லை. பயனர்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டு எடுத்துவந்த யோசனை அது.

இளையவர்களிடம் எனக்கு இருக்கும் மனக்குறை இங்கேதான். வார இறுதியில் ஒரு வசதியை எழுதி, திங்கட்கிழமை எங்கள் சர்வரில் ஏற்றி, செவ்வாய்க்கிழமை அறிவித்துவிடுகிறார்கள். மற்ற சர்வர்களில் அது எப்படித் தெரிகிறது என்று போய்ப் பார்ப்பதில்லை. இப்போது ஏஐ எழுதித் தரும் பேட்ச் வேறு. அது சொந்தச் சோதனைகளில் எல்லாம் பச்சை விளக்கு காட்டும். அந்தச் சோதனைகளையும் அதே ஏஐதான் எழுதியிருக்கும். ப்ளெரோமா என்ற இன்னொரு மென்பொருளும் கோடுசோஷியலும் ஓடும் ஒரு பழைய மெஷினைச் சோதனைக்கென்றே பக்கத்தில் வைத்திருந்தேன். அதை இந்த ஆண்டில் அவர்கள் ஆன் செய்ததை நான் பார்க்கவில்லை.

கூட்டம் வரும்போது மட்டும் எல்லாரும் எங்களைத் தேடுவார்கள். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை அடுத்து 2019 நவம்பரில் இந்தியர்கள் திரளாக மாஸ்டடானுக்கு வந்தார்கள். 2022 அக்டோபரில் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் உலகமே வந்தது. வந்தவர்கள் கேட்டதெல்லாம் ட்விட்டரில் இருந்தவை. வரிசையில் தேங்கிய செய்திகளை இரவெல்லாம் தள்ளிக்கொண்டிருந்த அட்மின்களுக்கு எந்த மாநாட்டிலும் இருக்கை போடவில்லை.

இனி பொறுப்பேற்கும் மூவருக்கு முன்னால் இருப்பது ஆர்எஃப்சி 9421. புதிய கையெழுத்தோடு ஒரு தடவை கதவைத் தட்ட வேண்டும். திறக்காவிட்டால் பழைய வரைவின்படி மறுபடி தட்ட வேண்டும். எந்த சர்வர் எதற்குத் திறந்தது என்று நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கோடை எழுதுவது எளிது, இவர்களே எழுதிவிடுவார்கள். பழைய தட்டலை எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்ய, இன்னும் பழையதையே பேசும் சர்வர்கள் எவை என்று லாகில் தேடி, அவற்றின் அட்மின்களுக்கு ஒவ்வொருவராக எழுத வேண்டும். பலர் பதில் போட மாட்டார்கள். மறுபடி எழுத வேண்டும். அந்தப் பட்டியலை என் பங்குக்குத் தொடங்கி, அவர்கள் மூவரும் தினமும் திறக்கும் ஃபோல்டரிலேயே முதல் கோப்பாக வைத்திருக்கிறேன்.