வேலியும் கடிகாரமும்

“தமிழுக்கு இது பெரிய விஷயம்” என்ற வாக்கியத்தை நம் இலக்கியக் கூட்டங்களில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாவலைப் பற்றி நாலு பேர் பேசி முடித்தபின் ஐந்தாவது ஆசாமி கொஞ்சம் முகம் சுளித்தால் போதும், இது வந்துவிடும். வெளியே எடுத்துக்கொண்டு போனால் நிற்காது, ஆனால் நம் வேலிக்குள் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். சொல்கிறவர் இதைப் பாராட்டாகவே சொல்கிறார். எழுதியவரும் பாராட்டாகவே வாங்கிக்கொள்கிறார்.

இந்த வேலியைப் பற்றி யோசிக்க விமர்சன நூல்களைவிட ஜப்பானியப் பந்தயக் குதிரைகள் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. சிரிக்க வேண்டாம். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கும் மூத்த சகா கிண்டிக்கு வருஷக்கணக்கில் போய்வந்தவர். ரேஸ் புத்தகம் வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் இதுவரை ஒரு ரூபாய் கட்டியதில்லை. ஆனால் குதிரைகளின் வம்சாவளி வாசிக்க சுவாரசியமானது, பல தமிழ் நாவல்களைவிட. 2025 செப்டம்பரில் ஒருநாள் மதியம் போனை என் முன்னால் நீட்டி, “பாரு தம்பி, ஒரு ரேஸ்கூட ஜெயிக்காத குதிரைக்கு இரங்கல் எழுதியிருக்கான்” என்றார். ஹரு உராரா என்ற பெண்குதிரை. 113 பந்தயங்களில் ஓடி, எதிலும் முதலாவதாக வராமல் ஓய்வுபெற்றது. அங்கிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன்.

ஜப்பானில் பந்தயம் இரண்டு தட்டுகளாக நடக்கிறது. மத்திய அமைப்பின் கீழ் 10 மைதானங்கள். பணம், புல்தரை, பெயர் எல்லாம் அங்கே. மாகாணங்களும் நகராட்சிகளும் நடத்துகிற பிராந்தியப் பந்தயம் இன்னொன்று. இன்றைக்கு 15 மைதானங்கள், பெரும்பாலும் மணல். ஆகவே வேலிகளும் இரண்டு. நாட்டைச் சுற்றி ஒன்று. நாட்டுக்குள்ளேயே மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவில் இன்னொன்று.

முதல் வேலியில் மாட்டிக்கொண்ட குதிரை மருஸென்ஸ்கி. 1970-ல் இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற நிஜின்ஸ்கியின் குட்டி. தாய்க்குதிரையை அமெரிக்காவில் சினையாக வாங்கி ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். குட்டி பிறந்தது 1974-ல், ஜப்பானிய மண்ணில். ஆனால் 1971-ல் குதிரை இறக்குமதியைத் தாராளமாக்கியபோது, உள்ளூர் வளர்ப்பாளர்களின் பயத்தைத் தணிக்க, இப்படி வயிற்றில் வந்த குட்டிகளுக்கும் டெர்பி முதலான பெரும் பந்தயங்களின் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். 1976-ல் இரண்டு வயதில் அது 1600 மீட்டரை 1 நிமிஷம் 34.4 வினாடியில் ஓடியது. அந்தப் பந்தயத்தில் அந்த நேரத்தை முறியடிக்க 14 வருஷம் ஆயிற்று. 1977 டெர்பி வந்தபோது அதன் ஜாக்கி கேட்டது பிரசித்தம்: வெளிக்கோடியில் நின்று ஓடுகிறோம், யாரையும் மறிக்கமாட்டோம், பரிசுப் பணம்கூட வேண்டாம், ஓடவிடுங்கள். விடவில்லை. அடுத்த மாதம் ஒரு சில்லறைப் பந்தயத்தில் அது 7 குதிரை நீளத்தில் தோற்கடித்த குதிரை, அதே இலையுதிர்காலத்தில் பெரும் பந்தயங்களில் கடைசியானதை வென்றது. மருஸென்ஸ்கி 8 முறை ஓடியது. எட்டிலும் ஜெயித்தது. இந்த விதியை 1984-ல் எடுத்தார்கள்.

குதிரைக்கு வேலி கட்டுவது ஜப்பானின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க ரத்தம் கலந்த குதிரைகளைத் தங்கள் வம்சாவளிப் பதிவேட்டில் ஏற்பதில்லை என்று இங்கிலாந்து 1913-ல் தீர்மானித்தது. அடுத்த வருஷமே எப்சம் டெர்பியை ஜெயித்தது டர்பார் என்ற குதிரை, அந்தப் பதிவேட்டுக்குள் வர முடியாத ஒன்று. ஆனாலும் 1949 வரை இங்கிலீஷ்காரர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

வேலி போட்டவர்களை மூடர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. ஹொக்கைடோவில் நாலைந்து தாய்க்குதிரைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பண்ணை நடத்துகிறது. அமெரிக்க ஏலத்தில் எடுத்த குட்டியோடு அதன் குட்டி முதல் நாளே மோத வேண்டுமென்றால் அந்தப் பண்ணை எத்தனை வருஷம் தாங்கும்? கடன் மனுக்களைக் கையாளுகிறவனுக்கு இந்தக் கேள்வி புரியும். எங்களிடம் விவசாயத்துக்கென்று நகையை வைத்தால் வட்டி குறைவு. வீட்டுச் செலவுக்கென்றால் கூடுதல். இந்தச் சலுகையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நகை மதிப்பீட்டாளரின் உரைகல்லுக்கு விவசாயி நகை, வியாபாரி நகை என்ற வித்தியாசம் தெரியாது. 18 காரட்டை 22 என்று எழுதிக்கொடுப்பது விவசாயிக்குச் செய்யும் உபகாரம் என்று யாரும் வாதாடி நான் கேட்டதில்லை.

நம் விமர்சனத்தில் நடப்பது இதுதான். வட்டியில் தரவேண்டிய சலுகையை உரைகல்லில் தந்துவிடுகிறோம். தமிழ் நாவலுக்கு அச்சகம் வேண்டும், வாசகன் வேண்டும், நூலகம் வாங்க வேண்டும், நூறு பிரதி விற்காத கவிதைத் தொகுப்புக்கு நாலு பேர் கைக்காசு போட வேண்டும். சரி. அது வேலி, கட்டுவோம். ஆனால் ஒரு இதழுக்கு நான் அனுப்பிய மதிப்புரையில் ஒரு தமிழ்க் குறுநாவலை ஹுவான் ருல்ஃபோவின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தேன். நம் மண்ணுக்கு நம் அளவுகோல் என்று ஒரு வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. அளவுகோலுக்கு எப்போது மண் முளைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் குறுநாவல் அந்த ஒப்பீட்டைத் தாங்கியது என்பதையாவது ஆசிரியர் கவனித்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வேலி பெரும்பாலும் ஓட்டை வேலிதான். 2001-ல் ஜப்பான் தன் டெர்பியை வெளிநாட்டில் பிறந்த குதிரைகளுக்கும், இரண்டு இடம் என்ற வரம்போடு, திறந்துவிட்டது. அந்த வருஷம் ஓடிய அமெரிக்கக் குதிரையின் பெயர் குரோஃபுனே, ‘கறுப்புக் கப்பல்’ என்று அர்த்தம். 1853-ல் ஜப்பானின் கதவைத் தட்டிய அமெரிக்கக் கப்பல்களை ஜப்பானியர் அழைத்த பெயர். கறுப்புக் கப்பல் ஐந்தாவதாகத்தான் வந்தது. ஜெயித்த சுதேசிக் குதிரை ஜங்கிள் பாக்கெட்டின் தகப்பன் டோனி பின், ஐரோப்பாவிலிருந்து வாங்கி வந்த பொலிகுதிரை. தகப்பன் கப்பலில் வரலாம், பிள்ளை வரக்கூடாது. காஃப்காவைப் படித்துவிட்டு எழுதிய தமிழ்க் கதையை மண்ணின் வாசனை என்று கொண்டாடிவிட்டு, காஃப்காவின் மொழிபெயர்ப்பை அந்நியம் என்று ஒதுக்குகிற நம் கூட்டங்களுக்கு இது புதிதாக இராது.

குரோஃபுனேயின் கதை அதோடு முடியவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் சக்கரவர்த்தி பெயரிலான பந்தயத்திலும் வெளிநாட்டுப் பிறப்புக்கு இரண்டே இடம். இரண்டும் நிரம்பிவிட்டதால் அதை வெளியே நிறுத்தினார்கள். போக இடமில்லாமல் முந்தின நாள் மணலில் ஓடப் போனது. 9 குதிரை நீளத்தில் ஜெயித்தது. அடுத்த மாதம் மணலிலேயே இன்னும் பெரிய பந்தயத்தில் 7 நீளம். இரண்டிலும் புதிய நேரம். அது மணல் குதிரை என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்தியவர்கள் தெரியாமல் செய்த உதவி இது, கணக்கில் வராதது.

இரண்டாவது வேலி இன்னும் அற்பமானது. ஓகுரி கேப் கஸமாட்சு என்ற பிராந்திய மைதானத்தில் 12 முறை ஓடி 10 முறை ஜெயித்துவிட்டு 1988-ல் மத்தியத்துக்கு வந்தது. டெர்பியில் ஓட முடியவில்லை. காரணம் ரத்தம் அல்ல, தரம் அல்ல. முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய பதிவைச் செய்யவில்லை. மணல் மைதானத்தில் ஓடுகிற குதிரைக்கு அதை யார் செய்வார்கள்? விண்ணப்பத்தில் காலியாக இருந்த ஒரு கட்டம். குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற எனக்கு இந்தக் கட்டத்தின் வல்லமை தெரியும். 1990 டிசம்பரில் அதன் கடைசிப் பந்தயத்தைப் பார்க்க நகயாமாவில் 1,77,779 பேர் கூடினார்கள். ஜெயித்தது. கூடுதல் கட்டணம் கட்டிப் பிறகும் பதிந்துகொள்ளலாம் என்று 1992-ல் விதியை மாற்றினார்கள். அதே 1988-ல் டெர்பியை வென்றது மருஸென்ஸ்கியின் மகன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

1995-லிருந்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் கதவுகள் பரவலாகத் திறந்தன. திறந்தால் என்ன ஆகும்? மேல்தட்டுக் குதிரைகள் வந்து கீழ்த்தட்டுப் பரிசுகளை அள்ளிக்கொண்டு போயின. வடக்கே மிஸுஸாவாவின் மெய்செய் ஓபரா மட்டும் 1999-ல் மேலே போய் மத்தியத்தின் முதல்தரப் பந்தயம் ஒன்றை ஜெயித்துவிட்டு ஊர் திரும்பியது. பிராந்திய லாயம் ஒன்றிலிருந்து போய் அங்கே ஜெயித்த குதிரை வேறில்லை. 2023-ல் மிக் ஃபயர் தன் வேலிக்குள் ஹனேடா கோப்பையையும் டோக்கியோ டெர்பியையும் வென்று, பிறகு மத்தியக் குதிரைகளும் ஓடிய மூன்றாவது பந்தயத்தையும் வென்றது. மறுவருஷம் முதல் இரண்டையும் மத்தியத்துக்குத் திறந்தார்கள். 2024, 2025 இரண்டு வருஷமும் இரண்டு கோப்பையும் மேலே போய்விட்டன. இதைக் கேட்டதும் என் சகா, “அப்ப மூடியே வச்சிருக்கலாமே தம்பி” என்றார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் மிக் ஃபயர் என்ன குதிரை என்பது மூன்றாவது பந்தயத்தில்தானே தெரிந்தது?

ஹரு உராரா ஓடிய கோச்சி மைதானம் இந்த மூன்றாவது பந்தயங்களைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற இடம் அல்ல. பிராந்திய மைதானங்கள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் அதுவும் மூடவேண்டிய நிலையில் இருந்தது. 2004 மார்ச்சில் நாட்டின் முதல் ஜாக்கி யுடாகா டாகே வந்து ஹரு உராராவின் மேல் உட்கார்ந்தார். 11 குதிரைகளில் பத்தாவது. தோற்பதையே கொண்டாட்டமாக ஆக்கியதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அதில் ஒரு சினிமாத்தனம் இருந்தது. ஆனால் கோச்சியை நிறுத்திவைத்தது அந்தக் கொண்டாட்டம் மட்டுமல்ல. 2009-ல் ராத்திரிப் பந்தயம் ஆரம்பித்தார்கள். நாடு முழுவதும் இருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஆட்கள் பணம் கட்டினார்கள். ஓடுவது அதே உள்ளூர்க் குதிரைகள், அதே ஆழமான மணல். வேலியை அப்படியே வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க உலகத்தையே உள்ளே விட்டார்கள்.

அங்கே அன்றைய கடைசிப் பந்தயத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சமீபத்தில் மோசமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் குதிரைகளாகப் பொறுக்கி ஒன்றாக ஓடவிடுகிறார்கள். எது ஜெயிக்கும் என்று கணிக்கவே முடியாது என்பதால் அதற்குக் கிராக்கி. ஒரு இரவு அதன் முடிவுப் பட்டியலைப் பார்த்தேன். ஜெயித்த குதிரை ஓடிய நேரம் சுமார்தான். சுமார் என்பது அந்த எண்ணிலேயே தெரிந்தது. கடைசியாக வந்ததற்கும் நேரம் போட்டிருந்தார்கள், பத்தில் ஒரு வினாடி சுத்தமாக.