வெளிநாட்டுச் சுற்றுலாவும் எங்கள் அத்தானும்

குற்றால சீசன் வந்துவிட்டால் எங்கள் கடையம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது! அருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டிக் கொட்டும், போலீஸ்காரர் விசில் ஊதுவார், அப்போதும் ஒருவர் "அஞ்சே நிமிஷம் சார்" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பார். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால் மேலே மலையில் மழை, உடனே வெளியே வா என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ போலாகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் ஜூன் மாதம் நாங்களே வெளியூர்க்காரர்கள் ஆனோம்.

அம்மா, அக்கா, அத்தான், நான். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். ஒரு மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை, கடையத்திலிருந்து மதுரை விமான நிலையம் போக அதைவிட அதிக நேரமாயிற்று. சாப்பாடு நம் சாப்பாடு மாதிரி, போர்டுகளில் தமிழ் இருக்கிறது. அதனால் வெளிநாடு என்ற பயமே இல்லை. தப்பு அங்கேதான் ஆரம்பம்.

இரண்டாம் நாள் கல்கிசை கடற்கரைக்குப் போனோம். கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. இறால் வடை விற்றுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "தம்பி, இந்த மாசம் இங்க கடல் சரியில்ல, இறங்க வேணாம்" என்று தமிழிலேயே சொன்னார். அத்தான் சிரித்தார். "நாம குத்தாலத்துல குளிக்காத குளியலா மாப்ளே?" அம்மா, "வேண்டாம் மாப்பிள்ளை" என்று இரண்டு தடவை சொன்னாள். மருமகனிடம் அதற்கு மேல் எப்படிச் சொல்வாள்?

முழங்கால் அளவு தண்ணீரில்தான் நின்றார். ஒரு அலை தள்ளியது, காலடி மணல் கரைந்தது, அடுத்த நிமிடம் ஆள் முப்பது அடி தள்ளி இருந்தார். அக்கா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அங்கிருந்த உயிர்காப்புக் காவலர்கள் இரண்டு பேர் மிதவையோடு பாய்ந்து இழுத்து வந்தார்கள். அத்தான் மணலில் குப்புறப் படுத்து உப்புத் தண்ணீராகக் கக்கினார். அவர் இடுப்பில் கட்டியிருந்த பை போயே போய்விட்டது. அதற்குள்தான் அவருடைய பாஸ்போர்ட்டும், மொத்தப் பணமும், எல்லா கார்டுகளும். "உடம்போட இருந்தா பத்திரம்" என்று அவரே சொல்லி வைத்துக்கொண்டது!

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. நமக்குக் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இலங்கையின் மேற்கு, தெற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அந்த மாதங்களில் அமைதியாக இருப்பது திருகோணமலைப் பக்கத்துக் கிழக்குக் கடல். கரைக்கு வந்த தண்ணீர் ஒடுக்கமான வழியாகக் கடலுக்குத் திரும்பும் நீரோட்டத்தில் மாட்டினால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாதாம். களைத்துவிடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். அத்தான் சரியாக எதிர்மாறாகச் செய்திருக்கிறார். அருவியில் குளித்த அனுபவம் கடலில் என்ன செய்யும்?

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று தாய்லாந்தின் புகெட் தீவுக்குச் சுற்றுலா வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் முன்பு படித்த புவியியல் பாடத்தை நினைத்து எச்சரித்தாள். மைக்காவோ கடற்கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். சின்னப் பெண் சொன்னதைப் பெரியவர்கள் கேட்டார்கள், பாருங்கள். எங்களிடம் வடைக்காரர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை.

சரி, பாஸ்போர்ட் கதைக்கு வருகிறேன். முதலில் காவல் நிலையத்தில் முறைப்பாடு (அங்கே புகாருக்கு அதுதான் பெயர்). பிறகு கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகம். அங்கே புதிய பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு, ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கும் ஓட வேண்டியிருந்தது. நடுவில் சனி, ஞாயிறு. டிக்கெட்டை மாற்றிய செலவு, கூடுதல் அறை வாடகை எல்லாவற்றையும் நான்தான் நோட்டில் எழுதினேன். பி.காம் படிப்புக்கு வந்த முதல் உபயோகம்!

இன்னொரு உபயோகமும் உண்டு. வவுச்சருக்கு நகல் வைக்கும் பழக்கத்தில், நான்கு பேர் பாஸ்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அம்மா பெட்டியின் அடியில் போட்டிருந்தேன், மெயிலிலும் வைத்திருந்தேன். கிளம்பும்போது அத்தான் அதைக் கேலி செய்தார். அம்மா சேலைத் தலைப்பில் தனியாக முடிந்துவைத்த பணம்தான் அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு போட்டது. பயணக் காப்பீடு எடுக்கவில்லை. அதில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. இலங்கையில் போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990. இந்த இரண்டு எண்களும் எங்கள் யாரிடமும் இல்லை.

அத்தான் இப்போதும் ஊரில் "பை தொலைஞ்சு போச்சு" என்று மட்டும்தான் சொல்கிறார். அக்கா பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்வதில்லை. இந்த சீசனில் ஐந்தருவிக்குப் போனோம். போலீஸ்காரர் விசில் ஊதியதும் முதலில் வெளியே வந்து துண்டை எடுத்தவர் அவர்தான்.